மின்னஞ்சலுக்கும் ஓர் இஸ்னாத்

"பூட்டு இருந்ததே, மௌலவி! பூட்டு இருந்தால் பயமில்லை என்றுதானே பிள்ளைகள் சொல்லித் தந்தார்கள்?"

அஸர் தொழுகைக்குப் பிறகு எங்கள் வீட்டு விறாந்தையில் அமர்ந்து இப்படிக் கேட்டவர், எங்கள் தெருவில் வசிக்கும் ஒரு சகோதரி. கணவர் வளைகுடாவில் சாரதியாக இருக்கிறார். மூத்த மகள் உயர்தரத்தில் சித்தியடைந்து, கொழும்பிலுள்ள ஒரு தனியார் கல்வி நிலையத்தில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. முதல் தவணைக் கட்டணம் 95,000 ரூபா. "எமது வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இந்தப் புதிய இலக்கத்துக்குச் செலுத்தவும்" என்று மகளுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. மகளின் முழுப் பெயர், பாடநெறியின் பெயர், தொகை எதிலும் ஒரு பிழையில்லை. கடிதத்தில் இருந்த இணைப்பை அழுத்தினால் கட்டண விபரம் அடங்கிய பக்கம் திறந்தது. பக்கத்தின் மேலே, முகவரிக்கு அருகில், அந்தச் சின்னப் பூட்டுப் படம். தாயார் இரண்டு காப்புகளை அடகு வைத்துப் பணத்தைக் கட்டினார். பத்து நாட்களின் பின்னர் கல்வி நிலையத்தார் தொலைபேசியில் அழைத்து, "கட்டணம் இன்னும் வரவில்லையே" என்று கேட்டபோதுதான் விஷயம் வெளிப்பட்டது.

நான் அரபுக் கல்லூரியில் ஓதியவன், கணினி படித்தவனல்ல. சகோதரியின் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் இப்போது கணினி வலையமைப்புத் துறையில் வேலை செய்கிறார். அவரை அழைத்து, மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் மூன்று நாட்கள் அந்தப் பிள்ளையின் மின்னஞ்சலை வைத்துப் பாடம் கேட்டேன். ஆசிரியர் மாணவராகி, மாணவர் ஆசிரியரானார். அந்தப் பாடத்தில் எனக்கு விளங்கியதைத்தான் சகோதரிகளுக்கு இங்கே சொல்கிறேன். வீட்டின் பணமும் பிள்ளைகளின் பத்திரங்களும் இன்று பெரும்பாலும் உங்கள் கைத்தொலைபேசி வழியாகத்தான் போய்வருகின்றன. அவை எப்படிப் பயணம் செய்கின்றன என்று தெரியாமல் இருப்பது, ரயிலில் பிள்ளையைத் தனியே ஏற்றிவிட்டு அது எந்த ஊரில் நிற்கும் என்று கேளாமல் இருப்பதைப் போன்றது.

இரண்டு கணினிகள் பேசுவதானால் முதலில் யார் பேசுவது, எப்படிப் பேசுவது, எப்போது முடிப்பது என்று ஓர் ஒழுங்கு வேண்டும். ஆங்கிலத்தில் புரொட்டகோல் என்கிறார்கள், தமிழில் நெறிமுறை. நான் என் மனதுக்குள் 'அதபு' என்றே அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன். பிறர் வீட்டுக்குப் போனால் ஸலாம் சொல்லி, அனுமதி கேட்டு, அனுமதி கிடைத்தால் நுழைய வேண்டும்; கிடைக்காவிட்டால் திரும்பிவிட வேண்டும் என்று ஸூறதுந் நூர் நமக்குக் கற்றுத் தருகிறதல்லவா? கணினிகளுக்கும் அப்படியொரு பழக்கம் இருக்கிறது. இணையப் பக்கத்துக்கு ஓர் அதபு, கடிதத்துக்கு ஓர் அதபு, கோப்புகளை அனுப்ப இன்னோர் அதபு.

கடைக்குப் போகும் பையன்

முகவரியின் தொடக்கத்தில் எச்.ரீ.ரீ.பி. என்ற நான்கு எழுத்துக்களைப் பார்த்திருப்பீர்கள். இணையப் பக்கங்களுக்கான நெறிமுறையின் பெயர் அது. ஜெனீவாவுக்கு அருகிலுள்ள சேர்ன் என்ற அணு ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய டிம் பேர்னர்ஸ் லீ என்ற ஆங்கிலேயர், 1989இல் முன்வைத்த ஒரு யோசனையிலிருந்து உருவாக்கியது. 1993 ஏப்ரல் 30ஆம் திகதி அந்த நிலையம், இதை உலகத்தில் யாரும் எந்தக் கட்டணமும் இன்றிப் பயன்படுத்தலாம் என்று அறிவித்துவிட்டது. நம் பாஷையில் சொன்னால் வக்பு செய்ததைப் போல. அப்படி அறிவித்திராவிட்டால் இன்று ஒவ்வொரு பக்கத்துக்கும் யாருக்கேனும் நாம் வாடகை கட்டிக்கொண்டிருந்திருப்போம்.

இது வேலை செய்யும் விதம் மிக எளிமையானது. கடைக்குப் பையனிடம் ஒரு துண்டு எழுதிக் கொடுத்து அனுப்புகிறோம். கடைக்காரர் வாசிக்கிறார், சாமான் இருந்தால் கட்டிக் கொடுக்கிறார். இல்லாவிட்டால் 'இல்லை' என்று எழுதி அனுப்புகிறார். சில வேளைகளில் திரையில் 404 என்ற இலக்கம் தோன்றுகிறதே, அது அந்த 'இல்லை'தான். கேட்ட பொருள் கிடைத்தால் 200 என்ற இலக்கம் வருகிறது. அது நம் கண்ணுக்குப் படுவதில்லை. கடை அடுத்த தெருவுக்கு மாறியிருந்தால் 301 என்று சொல்லிப் புதிய முகவரியையும் கொடுக்கிறது.

இந்தக் கடைக்காரருக்கு ஞாபகசக்தி என்பதே கிடையாது. பையன் திரும்பி வந்து இரண்டாம் தரம் கேட்டாலும் 'நீ யார்?' என்றுதான் கேட்பார். அதனால் 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மொன்டூலி என்பவர், பையனின் சட்டைப் பையில் ஒரு சிறு சீட்டை வைத்து அனுப்பும் வழியைக் கண்டுபிடித்தார். குக்கி என்று அதற்குப் பெயர். அடுத்த தரம் அந்தச் சீட்டைக் காட்டினால் கடைக்காரர் அடையாளம் கண்டுகொள்வார். ஓரிடத்தில் செருப்பு விலை பார்த்தால் போகும் இடமெல்லாம் செருப்பு விளம்பரம் வருவதற்கும் இந்தச் சீட்டு ஒரு காரணம்.

பையன் கையில் கொண்டுபோகும் துண்டு திறந்த துண்டு. வழியில் நிற்கிற எவரும் வாங்கி வாசிக்கலாம். ஓர் எழுத்தை மாற்றியும் விடலாம். அதற்காகத்தான் கடைசியில் 'எஸ்' என்ற ஐந்தாவது எழுத்தைச் சேர்த்த எச்.ரீ.ரீ.பி.எஸ். வந்தது. இதையும் நெட்ஸ்கேப் நிறுவனமே 1990களின் நடுப்பகுதியில் கொண்டுவந்தது. இப்போது அதன் உள்ளே இருக்கும் பூட்டு 2018இல் வெளியான புதிய வகை. இது துண்டை உறையிலிட்டு முத்திரை வைக்கிறது. வழியில் இருப்பவருக்கு வாசிக்கவும் முடியாது, மாற்றவும் முடியாது. கதவில் எழுதியிருக்கும் பெயருக்குரிய கடைதான் இது என்று ஓர் அத்தாட்சிப் பத்திரத்தையும் காட்டுகிறது. பூட்டுப் படத்தின் பொருள் இவ்வளவுதான்.

சகோதரியின் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. கதவில் எழுதிய பெயர் உண்மைதான். ஆனால் அந்தப் பெயரை அங்கே எழுதியவன் திருடன். திருடனும் தனக்கென ஒரு பெயரைப் பதிந்துகொள்ளலாம். அதற்கு முறைப்படி அத்தாட்சிப் பத்திரமும் வாங்கலாம். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற இலாப நோக்கற்ற அமைப்பு 2015 முதல் இந்தப் பத்திரத்தை இலவசமாகவே தருகிறது. ஏழை மத்றஸாக்கள் கூடத் தமது பக்கத்தைப் பாதுகாக்க அதனால் முடிந்தது. குறை சொல்ல மாட்டேன். திருடனுக்கும் அதே வாசல் திறந்திருக்கிறது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். பூட்டைக் கண்டவுடன் 'இது நம்பகமான இடம்' என்று மக்கள் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பதால், 2023இல் குரோம் உலாவி பூட்டுப் படத்தையே நீக்கிவிட்டு வேறொரு குறியை வைத்தது.

அப்படியானால் எதைப் பார்ப்பது? பெயரைப் பார்க்க வேண்டும். அதையும் வாசிக்கத் தெரிந்து வாசிக்க வேண்டும். இணையப் பெயர் ஆங்கில எழுத்தில் இருந்தாலும் அதை அரபைப் போல வலப்பக்கத்திலிருந்து வாசியுங்கள் என்று நான் இப்போது சொல்லிக் கொடுக்கிறேன். முதல் சாய்கோடு வரும் இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து இடப்பக்கமாகப் போங்கள். கடைசியில் 'டொட் எல்கே' என்றிருந்தால் அது இலங்கைக்குரிய பதிவு. 1990 முதல் இருந்து வருகிறது. பெரும்பாலும் அதற்கு உடனே முன்னால் நிற்கும் சொல்தான் வீட்டுக்காரரின் பெயர். அதற்கும் முன்னால் இருப்பவையெல்லாம் வீட்டின் உள்ளறைகள். வீட்டுக்காரர் விரும்பியபடி பெயர் வைத்துக்கொள்ளலாம். 'வங்கி டொட் எல்கே டொட் கட்டணம் டொட் கொம்' என்று ஒரு முகவரி இருந்தால் அது வங்கியின் வீடல்ல. 'கட்டணம்' என்ற யாரோ ஒருவனின் வீடு. உள்ளறை ஒன்றுக்கு 'வங்கி டொட் எல்கே' என்று பெயர்ப்பலகை மாட்டியிருக்கிறான்.

கடிதத்தின் ஸனத்

இரண்டாம் நாள் பாடம் மின்னஞ்சல். எனக்கு மிகவும் ருசித்த பாடமும் அதுவே.

ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குக் கடிதம் போகும் நெறிமுறைக்கு எஸ்.எம்.ரீ.பி. என்று பெயர். 1982 ஆகஸ்ட் மாதம் ஜோன் போஸ்டல் என்ற அமெரிக்கர் அதை எழுதி வெளியிட்டார். அனுப்பும் கணினி வாசலில் போய் நின்று, முதலில் 'ஹெலோ' என்று சொல்லித் தன் பெயரைச் சொல்ல வேண்டும். (கட்டளைகளெல்லாம் நான்கு எழுத்தில் இருக்க வேண்டும் என்பதால் ஆங்கிலத்தில் அந்தச் சொல்லில் ஓர் எழுத்தைக் குறைத்துத்தான் எழுதுவார்கள்.) உள்ளே இருக்கும் கணினி 250 என்று பதில் சொன்னால் 'சரி, வாருங்கள்' என்று பொருள். பிறகு 'இன்னாரிடமிருந்து' என்கிறது, 250. 'இன்னாருக்கு' என்கிறது, 250. அதன் பிறகு கடிதத்தை ஒப்படைக்கிறது. ஒரு வரியில் தனியே ஒரு புள்ளி மட்டும் வைத்தால் கடிதம் முடிந்தது என்று அர்த்தம். இதை அந்த மாணவர் கறுப்புத் திரையொன்றில் செய்து காட்டியபோது, ஸலாமும் பதிலும் போல இருப்பதைப் பார்த்து ஆச்சரியப்பட்டேன்.

ஆனால் 'இன்னாரிடமிருந்து' என்று சொன்னபோது, 'நீ அவர்தானா?' என்று யாரும் கேட்கவில்லை! அந்த நாளில் இந்த வலையமைப்பில் இருந்தவர்கள் பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிலையங்களும். பெரும்பாலும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். சந்தேகிக்க வேண்டிய தேவை அவர்களுக்குத் தோன்றவில்லை. இன்னும் ஒரு விஷயம்: வாசலில் சொல்லும் பெயர் வேறு, கடிதத்துக்குள் 'அனுப்புநர்' என்று எழுதியிருக்கும் பெயர் வேறு. நம் கண்ணுக்குத் தெரிவது உள்ளே இருக்கும் பெயர். அது கடிதத்தின் ஒரு வரிதான். எழுதுபவன் எதையும் எழுதலாம்.

ஹதீஸ் கலை ஓதியவர்களுக்கு இது புதிய விஷயமல்ல. ஒரு செய்தியில் இரண்டு பகுதிகள் உண்டு. சொல்லப்பட்ட விஷயம் மத்ன். யார் யாரிடமிருந்து கேட்டார் என்ற அறிவிப்பாளர் வரிசை ஸனத். மத்ன் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஸனதைப் பார்க்காமல் ஏற்பதில்லை. அந்தப் பிள்ளைக்கு வந்த கடிதத்தில் இலச்சினை இருந்தது, பெயர் இருந்தது, கையொப்பம் இருந்தது. எல்லாம் மத்ன்!

"இதற்கு ஸனத் கிடையாதா தம்பி?" என்று விளையாட்டாகத்தான் கேட்டேன்.

"இருக்கிறது ஹஸரத்" என்றார் அவர்.

கடிதம் கடந்துவந்த ஒவ்வொரு கணினியும், 'இன்ன நேரத்தில் இன்ன கணினியிடமிருந்து பெற்றேன்' என்று ஒரு வரியை எழுதித்தான் அடுத்த இடத்துக்குக் கொடுக்கிறது. 'ரிசீவ்ட்' என்ற சொல்லுடன் அந்த வரிகள் தொடங்கும். ஒவ்வொன்றும் முந்தியதன் மேலே எழுதப்படுவதால், கீழிருந்து மேலாக வாசிக்க வேண்டும். ஜிமெயில் வைத்திருப்பவர்கள் கணினியில் கடிதத்தைத் திறந்து, மூன்று புள்ளிகளை அழுத்தி 'ஷோ ஒரிஜினல்' என்பதைத் தெரிவு செய்தால் அந்த வரிசை முழுவதும் தெரியும். திரையில் அதைப் பார்த்தபோது, வாழ்நாளெல்லாம் ஓதிய ஒன்று கண்ணாடிக்குப் பின்னால் நிற்பதைப் போல இருந்தது.

ஸனதையும் பொய்யாகச் செய்யலாம் என்பது நாம் அறிந்ததே. இட்டுக்கட்டியவர்கள் தங்கள் சொல்லுக்கு நல்ல அறிவிப்பாளர்களின் பெயர்களைக் கோத்துவிட்டார்கள். அவர்களைப் பிரித்தறியவே முஹத்திஸீன்கள் பாடுபட்டார்கள். இங்கேயும் திருடன் அடியில் இரண்டு போலி வரிகளைச் சேர்த்து அனுப்பலாம். உங்கள் மின்னஞ்சல் சேவை தன் கையால் எழுதிய மேல் வரிகளையே உறுதியாக நம்பலாம். அதற்காகப் பின்னர் மூன்று சோதனைகளை உண்டாக்கினார்கள். எஸ்.பி.எவ்., டி.கிம், டி.மார்க் என்பவை அவற்றின் பெயர்கள். அனுப்பிய கணினிக்கு அந்தப் பெயரில் அனுப்ப அனுமதி உண்டா, கடிதம் வழியில் மாற்றப்பட்டதா, உள்ளே இருக்கும் பெயரும் அந்தச் சோதனைகளில் தேறிய பெயரும் பொருந்துகின்றனவா என்று இவை பார்க்கின்றன. ஜிமெயிலும் யாஹூவும் 2024 பெப்ரவரி முதல், பெருந்தொகையாகக் கடிதம் அனுப்புபவர்களுக்கு இவற்றைக் கட்டாயமாக்கின.

அந்தப் பிள்ளையின் கடிதத்தைச் சோதித்தோம். மூன்றும் 'பாஸ்' என்றிருந்தது!

நான் திகைத்துப்போனேன். அவர் சிரித்துவிட்டு, "எந்தப் பெயருக்குப் பாஸ் என்று பாருங்கள் ஹஸரத்" என்றார். கல்வி நிலையத்தின் உண்மையான பெயரில் ஓர் எழுத்து ஒரு தடவை வரும். இதில் அதே எழுத்து இரண்டு தடவை இருந்தது. கடைசியில் 'எல்கே'க்குப் பதிலாக 'கொம்'. திருடன் அந்தப் பெயரை முறைப்படி பதிந்து, அதற்கு அனுமதியும் பெற்று, அதிலிருந்தே அனுப்பியிருந்தான். ஸனதில் பொய்யில்லை. ஆள்தான் வேறு.

ஹதீஸ் கலையில் 'அல்முஃதலிஃப் வல்முக்தலிஃப்' என்று ஒரு தனிப் பிரிவே உண்டு. எழுத்தில் ஒன்றுபோலத் தெரிந்து, உச்சரிப்பில் வேறுபடும் பெயர்களைப் பற்றியது. ஸலாம் என்று ஒருவர், ஸல்லாம் என்று இன்னொருவர். அரபு எழுத்தில் ஷத்து போடாவிட்டால் இரண்டும் ஒன்றே. இமாம் தாரகுத்னீ (றஹ்) அவர்கள் இதற்கென்றே இதே பெயரில் பெரிய கிதாபை எழுதினார்கள். அந்த வகுப்பில் பலருக்குத் தூக்கம் வரும், எனக்கும் வந்திருக்கிறது. 95,000 ரூபா போவதற்கு ஓர் எழுத்து போதும் என்று அன்று யார் நினைத்தது!

கைத்தொலைபேசியில் இவ்வளவும் தோண்டத் தேவையில்லை. அனுப்புநரின் பெயருக்குக் கீழுள்ள சிறிய அம்புக்குறியை அழுத்தினால் முழு முகவரி தெரியும். அதைப் பழைய கடிதத்தின் முகவரியோடு ஓர் எழுத்தும் விடாமல் ஒப்பிட்டுப் பாருங்கள். பணம் கேட்கும் கடிதமாக இருந்தால், அதிலிருக்கும் தொலைபேசி இலக்கத்தை விட்டுவிட்டு, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள். செய்தி வந்தால் தீர விசாரிக்கும்படி ஸூறதுல் ஹுஜுராத் ஏவுவதை இந்த இடத்துக்கும் பொருத்திக்கொள்ளலாம்.

தபாற்கந்தோரில் யார் நிற்கிறார்?

எல்லாம் சரி, பிள்ளையின் பெயர், பாடநெறி, தொகை திருடனுக்கு எப்படித் தெரிந்தது?

வந்துசேர்ந்த கடிதத்தை நாம் வாசிப்பதற்கு இரண்டு நெறிமுறைகள் இருக்கின்றன. பொப் என்பது பழைய முறை. தபாற்கந்தோருக்குப் போய் நமக்கு வந்த கடிதங்களை வீட்டுக்கு எடுத்துவந்துவிடுவதைப் போன்றது. வழக்கமாக அங்கே மிச்சமிருக்காது. ஐமெப் என்பது 1986இல் ஸ்டன்போர்ட் பல்கலைக்கழகத்தில் மார்க் கிறிஸ்பின் என்பவர் தொடங்கிய முறை. கடிதம் தபாற்கந்தோரிலேயே இருக்கும். நாம் எங்கிருந்தும் ஜன்னல் வழியாகப் பார்க்கலாம். இன்று கைத்தொலைபேசி, மடிக்கணினி எல்லாவற்றிலும் ஒரே கடிதங்கள் தெரிவது இந்த ஏற்பாட்டினால்தான். மகன் தன் போனில் அழித்தால் உம்மாவின் போனிலும் போய்விடுவதும் இதனால்தான். எங்கள் வீட்டில் ஒரு மின்சாரப் பட்டியல் இப்படிக் காணாமல் போய், இரண்டு நாள் வாக்குவாதம் நடந்தது.

வசதிதான். ஆனால் சாவி இன்னொருவன் கையில் கிடைத்தால் அவனும் ஜன்னலில் வந்து நிற்பான், நமக்குத் தெரியாது. கடிதம் குறையாது, காலடித் தடமும் இருக்காது. மாணவர் அந்தக் கணக்கில் உள்நுழைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைத் திறந்தார். பிள்ளையின் போன் ஒன்று. வீட்டில் எவருக்கும் சொந்தமில்லாத ஒரு கணினி இன்னொன்று. ஒரு மாதத்துக்கு முன் 'உங்கள் விண்ணப்பத்தின் நிலையை அறிய மீண்டும் உள்நுழையுங்கள்' என்று வந்த ஒரு கடிதத்தை நம்பி, பிள்ளை ஒரு பக்கத்தில் கடவுச்சொல்லைக் கொடுத்திருந்தாள். அந்தப் பக்கத்திலும் பூட்டு இருந்ததாம். உறையிலிட்டு, முத்திரை வைத்து, வழியில் எவரும் வாசிக்க முடியாதபடி அது திருடனிடம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இன்னொன்றும் கண்டுபிடித்தார். கல்வி நிலையத்தின் உண்மையான முகவரியிலிருந்து வரும் கடிதங்களெல்லாம் நேரே குப்பைக்கூடைக்குப் போகும்படி கணக்கில் ஒரு கட்டளை எழுதப்பட்டிருந்தது. அசல் கட்டணச்சீட்டு வந்தும் பிள்ளையின் கண்ணில் படாதது அதனால்தான்.

கடவுச்சொல்லை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றி, அந்தக் கட்டளையை அழித்து, இரண்டு படிச் சரிபார்ப்பை இட்டுக் கொடுத்தார். கடவுச்சொல்லை மட்டும் மாற்றிவிட்டுக் கட்டளையை விட்டிருந்தால் திருட்டு பாதி தொடர்ந்திருக்கும். பழைய போனை விற்கும் சகோதரிகள் இதைக் கவனியுங்கள். கணக்கிலிருந்து வெளியேறி, உள்ளே இருப்பதையெல்லாம் அழிக்காமல் கடையில் கொடுத்தால் தபாற்கந்தோர் ஜன்னலின் சாவியையும் சேர்த்தே விற்கிறீர்கள். குடும்பத்துக்கு ஒரே ஒரு மின்னஞ்சலை வைத்துக்கொண்டு ஐந்து பேர் பாவிக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

கோப்புகளும் கரீமா அம்மையாரும்

அந்தத் தபாற்பெட்டியில் பிள்ளையின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், தேசிய அடையாள அட்டை, தாயாரின் வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் ஆகியவையும் இணைப்பாக இருந்தன. மின்னஞ்சலில் முதலில் ஆங்கில எழுத்துக்கள் மட்டுமே போகும். படமோ தமிழோ போகாது. 1992இல் வந்த மைம் என்ற ஏற்பாடுதான் படத்தையும் ஒலியையும் நம் தமிழையும் ஆங்கில எழுத்துக்களாக மாற்றிக் கட்டி அனுப்பும் வழியைத் தந்தது. கட்டும்போது கோப்பு மூன்றிலொரு பங்கு பருத்துவிடும். அளவு சரியாக இருந்தும் 'பெரிதாக இருக்கிறது' என்று சில நேரம் திரும்பி வருவது அதனால்.

கோப்புகளை மட்டும் அனுப்பவென்று இருந்த நெறிமுறை இவற்றில் எல்லாம் மூத்தது. எவ்.ரீ.பி. என்று பெயர். 1971 ஏப்ரலில் அமெரிக்காவின் எம்.ஐ.ரீ.யில் இருந்த அபய் பூஷண் என்ற இந்தியர் அதன் முதல் வடிவத்தை எழுதினார். பொதுவாகத் திறந்து வைத்த களஞ்சியங்களுக்கு 'பெயரில்லாதவர்' என்று சொல்லியே எவரும் நுழையலாம். கடவுச்சொல் கேட்கும் இடத்தில் தம் மின்னஞ்சல் முகவரியை எழுதுவது மரியாதை. எவரும் சோதிப்பதில்லை, ஆனாலும் எழுதுவார்கள். நல்ல மனிதர்களின் காலத்து ஏற்பாடு.

மாணவர் தன் மடிக்கணினியில், கம்பிவழியே போவதையெல்லாம் காட்டும் ஒரு செயலியை இயக்கிவிட்டு, எவ்.ரீ.பி. மூலம் ஒரு பரீட்சார்த்த இடத்துக்குள் நுழைந்தார். அவர் தட்டிய கடவுச்சொல் முழுசாக, எழுத்துக்கு எழுத்து, பக்கத்துத் திரையில் வந்து நின்றது. பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 1995இல் யாரோ இப்படி ஒளிந்திருந்து கடவுச்சொற்களைத் திருடியதால்தான், அங்கிருந்த டாட்டு இலோனென் என்ற ஆய்வாளர் எஸ்.எஸ்.எச். என்ற பூட்டிய வழியை உண்டாக்கினார். அந்த வழியில் கோப்பு அனுப்பும் முறைக்கு எஸ்.எவ்.ரீ.பி. என்று பெயர். உங்கள் ஊர்ப் பள்ளிவாசலுக்கோ மத்றஸாவுக்கோ இணையப் பக்கம் இருந்தால், அதைப் பராமரிக்கும் பிள்ளையிடம் இந்த 'எஸ்' இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். குரோம், பயர்பொக்ஸ் இரண்டு உலாவிகளும் 2021இல் பழைய எவ்.ரீ.பி.யைக் கைவிட்டுவிட்டன.

கோப்பு முழுதாக, மாறாமல் வந்ததா என்று அறிய ஒரு கணக்கு உண்டு. முழுக் கோப்பையும் பிழிந்து 64 எழுத்துக்கள் கொண்ட ஒரு முத்திரையாக ஆக்குகிறார்கள். அனுப்பியவரின் முத்திரையும் பெற்றவரின் முத்திரையும் ஒன்றாக இருக்க வேண்டும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் முத்திரை முற்றாக மாறிவிடும். இதை அவர் விளக்கியபோது எனக்கு ஹிஜ்ரி 5ஆம் நூற்றாண்டில் மக்காவில் வாழ்ந்த கரீமா அல்மர்வஸிய்யா (றஹ்) அம்மையாரின் ஞாபகம் வந்தது. ஸஹீஹுல் புகாரியை ஓதிக்கொடுத்த பெண்மணி. கதீப் அல்பக்தாதீ (றஹ்) போன்ற பெரும் இமாம் ஹஜ்ஜுக்குப் போன இடத்தில் அவர்களிடம் உட்கார்ந்து அந்தக் கிதாபை ஓதினார்கள். அம்மையார் அறிவிக்கும்போது மூலப் பிரதியோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பதில் மிகக் கண்டிப்பானவர்கள். அதற்கு முகாபலா என்று பெயர். பெண்களுக்கு இதெல்லாம் ஏறாது என்று சொல்லும் ஆண்களிடம் நான் இப்போதெல்லாம் அவர்களின் பெயரைத்தான் சொல்கிறேன்.

போன பணம் திரும்பவில்லை. வங்கிக்கு அறிவித்தபோது அந்தக் கணக்கில் எதுவும் மிச்சமில்லை. பணம் போன அதே நாளில் அறிவித்திருந்தால் தடுக்க வாய்ப்பு இருந்திருக்கலாம் என்றார்கள். ஆகவே இப்படி எவருக்கேனும் நேர்ந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டாம். முதலில் வங்கி, பிறகு பொலிஸ். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. முறையிடும்போது அந்தக் கடிதத்தை அழிக்காமல் முழு ஸனதோடும் வைத்திருங்கள்; சாட்சி அதுதான்.

கல்வி நிலையத்தார் தவணை கொடுத்தார்கள். பிள்ளை இப்போது படிக்கிறாள். காப்புகளில் ஒன்று மீட்கப்பட்டுவிட்டது. சென்ற மாதம் இரண்டாம் தவணைக்கான கடிதம் வந்தபோது தாயும் மகளும் மீண்டும் எங்கள் விறாந்தைக்கு வந்தார்கள். நான் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கையில் அந்தச் சகோதரி போனை எடுத்து, அம்புக்குறியை அழுத்தி, முகவரியின் வலப்பக்கத்தில் விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாக இடப்பக்கம் நகர்த்தினார்.

"சரியாகத்தான் இருக்கிறது மௌலவி" என்றார். பிறகு கைப்பையிலிருந்து அச்சிட்ட விபரக் கொத்தை எடுத்து, "இருந்தாலும் இதிலுள்ள இலக்கத்துக்கு ஒரு கோல் எடுத்துக் கேட்டுவிட்டுக் கட்டுகிறேன்" என்று மகளிடம் போனை நீட்டினார்.